அஞ்சலில் வந்த சட்டம்: ஒரு தொலைநிலைச் சட்டப் படிப்பு பற்றிய மதிப்பீடு

சட்டப் படிப்பில் சேர்ந்த முதல் மாதத்தில் நான் படித்த வழக்குகளுள் ஒன்று, 1818இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல். கம்பளி வணிகர்கள் சிலர் 1817 செப்டம்பர் 2ஆம் தேதி தங்கள் கம்பளியை விற்க முன்வந்து ஒரு கடிதத்தை அனுப்புகிறார்கள்; இப்படி ஒப்பந்தத்துக்கு முன்வருவதைச் சட்டம் முனைவு என்கிறது. முகவரியைத் தவறாக எழுதியதால் அது 5ஆம் தேதி மாலைதான் உரியவர்களிடம் போய்ச் சேர்கிறது. அவர்கள் அன்றிரவே அதை ஏற்றுப் பதில் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கிறார்கள். அந்தப் பதில் 9ஆம் தேதி வந்து சேர்கிறது. ஆனால் வணிகர்கள் முந்தைய நாளே கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். ஏற்புக் கடிதம் அஞ்சலில் சேர்க்கப்பட்ட கணத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்பது தீர்ப்பு. அஞ்சல் விதி என்று இன்றும் பெயர் சொல்லிக் கற்பிக்கப்படும் இந்த விதியை எனக்குச் சொன்ன புத்தகமும் ஒரு பொதியாக அஞ்சலில்தான் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கையில், நான் படிக்கும் பல்கலைக்கழகமும் ஏறத்தாழ இந்த விதியைத்தான் கடைப்பிடித்துவருகிறது என்று தோன்றுகிறது: பொதியை அஞ்சலில் சேர்த்த கணத்திலேயே தன் பங்குக் கற்பித்தல் நிறைவேறிவிட்டதாக அது கருதுகிறது.

நான் மதிப்பிடுவது, நீதிமன்றத் தீர்ப்புகளையும் சட்டமாகக் கொள்ளும் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் அமைந்த, முழுவதும் தொலைநிலையில் நடத்தப்படும் நான்கு ஆண்டு இளநிலைச் சட்டப் பட்டப் படிப்பை. கணக்குத் துறையில் முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே இதில் சேர்ந்தேன். மூன்று ஆண்டுத் தேர்வுகளை முடித்துவிட்டேன், ஓர் ஆண்டு மிச்சமிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் எழுதவிருக்கும் குறைகளில் ஒருசில அந்த நிறுவனத்துக்கு உரியவை என்றாலும், பெரும்பாலானவை இந்தக் கல்விமுறைக்கே உரியவை. பெயரைச் சொன்னால் படிப்பவர் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, வேறொன்றில் சேர்ந்து அதே இடத்தில் இடறி விழுவார்.

ஆசிரியர் முன்னால் அமராமல் சட்டம் படிப்பது புதிய பழக்கம் அல்ல. 1836இல் அரசப் பட்டயம் பெற்ற லண்டன் பல்கலைக்கழகம், 1858இல் கிடைத்த புதிய அரசப் பட்டயத்தின் வழியே, எந்தக் கல்லூரியிலும் சேராதவர்களுக்கும் தன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. அதன் சட்டப் பட்டத்தை உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் இன்றுவரை எழுதித் தேறுகிறார்கள். ஆபிரகாம் லிங்கன் சட்டக் கல்லூரிக்கே போனவர் அல்லர்; ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனின் சட்ட விளக்கவுரைகளைத் தாமே படித்து 1836இல் வழக்கறிஞர் உரிமம் பெற்றார். நெல்சன் மண்டேலா தம் சட்டப் பட்டத்தை 1989இல், சிறையில் இருந்தபடியே, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியின் மூலம் பெற்றார். விளம்பரங்களில் இந்தப் பெயர்கள் அடிக்கடி வந்துபோகும். மண்டேலா பல பத்தாண்டுகள் விட்டுவிட்டுத் தொடர்ந்த பின்னரே அந்தப் பட்டத்தைப் பெற்றார் என்பதை மட்டும் விளம்பரங்கள் சொல்வதில்லை.

பாடப் பொருள்களைப் பற்றிச் சொல்ல நல்லவை நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு படிப்பு வழிகாட்டி, ஒரு சட்டத் தொகுப்பு, தேர்ந்தெடுத்த தீர்ப்புகளைக் கொண்ட ஒரு வழக்குத் தொகுப்பு ஆகியவை அச்சில் வருகின்றன. இணையத்தில் முழுத் தீர்ப்புகளைத் தேடிப் படிக்கும் தரவுத்தள அனுமதியும் தருகிறார்கள். கொடுத்த பணத்திற்குக் கிடைத்தவற்றுள் மிக மதிப்புள்ளது எது என்று கேட்டால், தயங்காமல் கடைசியாகச் சொன்னதையே சொல்வேன். முதல் ஆண்டில் நான் அதைப் பத்து முறைகூடத் திறந்திருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வழிகாட்டியிலேயே எல்லாம் இருக்கிறது என்ற எண்ணம் புதியவரை எளிதில் பிடித்துக்கொள்கிறது.

வழிகாட்டிகளுள் ஒப்பந்தச் சட்டத்திற்கானது மிகச் சிறப்பாக எழுதப்பட்டிருந்தது. எடுத்துக்காட்டாக, கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கை அது நடத்திச் சென்ற விதத்தைச் சொல்லலாம். மூக்கு வழியே மருந்துப் புகையை உள்ளிழுக்கும் கருவியான தங்கள் புகைப்பந்தை நாளுக்கு மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் ஒருவருக்கு இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாகவும், அதற்காக 1,000 பவுண்டை வங்கியில் போட்டுவைத்திருப்பதாகவும் அந்த நிறுவனம் 1891இல் விளம்பரம் செய்தது. திருமதி கார்லில் வாங்கிப் பயன்படுத்தினார். 1892 ஜனவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வழிகாட்டி இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, நிறுவனத்தின் வழக்கறிஞராக உங்களை எண்ணிக்கொண்டு, பணம் தரத் தேவையில்லை என்பதற்கு எத்தனை காரணங்களை உங்களால் கூற முடியும் என்று கேட்டு, அரைப் பக்கத்தை வெற்றிடமாக விட்டிருந்தது. நான் இரண்டு காரணங்களை எழுதினேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், நிறுவனத்தின் தரப்பு முன்வைத்த வாதங்களும், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அவற்றை ஒவ்வொன்றாக மறுத்த விதமும் வரிசையாக இருந்தன. அது வெறும் விளம்பர மிகையுரை என்ற வாதத்திற்கு, அப்படியானால் வங்கியில் போட்ட 1,000 பவுண்டைப் பற்றி ஏன் சொன்னீர்கள் என்பதே விடை. உலகம் முழுவதற்கும் ஒருவர் முனைவு செய்ய முடியுமா என்ற கேள்வி என் மனத்தில் எழவே இல்லை. அது எழாமல் போனது எனக்கு எவ்வளவு பெரிய பாடம் என்பது அப்போது விளங்கவில்லை.

தீர்ப்புகளை முழுமையாகப் படிக்க நேரம் கிடைப்பது இந்த முறையின் உண்மையான நன்மை. வகுப்பறையில் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு வழக்குகளின் சாரத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள் என்று கல்லூரியில் படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். தனியே படிப்பவருக்கு அந்த அவசரம் கிடையாது. டொனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்பை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் படித்தேன். 1928 ஆகஸ்ட் 26ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், நண்பர் வாங்கிக் கொடுத்த இஞ்சி பீரைக் குடித்த ஒரு பெண், புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று வெளிவந்ததாகச் சொல்லித் தயாரிப்பாளர்மீது தொடுத்த வழக்கு அது. பானத்தை வாங்கியவர் நண்பர். ஆகவே அந்தப் பெண்ணுக்கும் யாருக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. உன் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நீ எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவரே உன் அண்டை அயலார் என்ற, தீர்ப்பெழுதிய நீதிபதிகளுள் ஒருவரான அட்கின் பிரபுவின் கோட்பாட்டை எந்தப் பாடநூலும் இரண்டு வரியில் தந்துவிடும். 1932இல் அந்த வழக்கு ஐந்து நீதிபதிகளில் மூவரின் ஆதரவோடு மட்டுமே வென்றது என்பதும், நத்தை உண்மையில் இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவே இல்லை என்பதும், எதிர்த்துத் தீர்ப்பெழுதிய பக்மாஸ்டர் பிரபுவின் கவலை எவ்வளவு நியாயமானது என்பதும் முழுத் தீர்ப்பைப் படித்தால்தான் தெரியவரும்.

தமிழில் சிந்திப்பவருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் சொற்களுக்குச் சட்டத்தில் வேறு பொருள் இருப்பதை வழிகாட்டி எங்கும் நின்று விளக்குவதில்லை. கன்சிடரேஷன் என்ற சொல்லை 'கருத்தில் கொள்ளுதல்' என்று மனத்திற்குள் பெயர்த்துக்கொண்டு ஒரு வாரம் முழுவதும் ஒப்பந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பள்ளி வணிகவியலில் 'மறுபயன்' என்று படித்த சொல்தான் இது என்று தற்செயலாக நினைவுக்கு வந்த அன்று, அந்த அத்தியாயம் முழுவதும் அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. ஒன்றைக் கொடுத்தால் பதிலுக்கு ஒன்று. மறுபயன் இல்லாத வாக்குறுதி நீதிமன்றத்தில் நிற்காது. அன்றிலிருந்து ஒரு நோட்டில் சட்டச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்து வருகிறேன். பொதுச் சட்டத்தின் கடுமையைத் தணிக்க வளர்ந்த நியாய விதிகளைக் குறிக்கும் ஈக்விட்டி என்பதற்கு மட்டும் நான் எழுதியதை நான்கு முறை அடித்துத் திருத்திவிட்டேன், இன்னும் மனநிறைவு இல்லை.

இனிக் குறைகள். அவற்றுள் என்னை மிகவும் சினமூட்டியது குற்றவியல் சட்ட வழிகாட்டி. திருட்டு, மோசடி போன்ற குற்றங்களில் ஒருவர் நேர்மையற்று நடந்தாரா என்பதை எப்படித் தீர்மானிப்பது என்ற பகுதியில், 1982ஆம் ஆண்டின் கோஷ் வழக்கில் வகுக்கப்பட்ட இரண்டு கட்டச் சோதனையே நடைமுறைச் சட்டமாக எழுதப்பட்டிருந்தது. சாதாரண, நேர்மையான மக்களின் அளவுகோலில் அச்செயல் நேர்மையற்றதா என்பது முதற்கட்டம். அந்த அளவுகோலில் அது நேர்மையற்றது என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் உணர்ந்திருந்தாரா என்பது இரண்டாவது. அதை மனப்பாடம் செய்து ஒப்படைப்பும் எழுதி அனுப்பினேன். 2017இல் ஐவி எதிர் ஜெண்டிங் கசினோஸ் வழக்கில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டாவது கட்டத்தைக் கைவிட்டுவிட்டது என்பதை, என்னோடு படிக்கும் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஐவி வழக்கை எடுத்துப் படித்தபோது கோபம் மறந்து வியப்பே மிஞ்சியது. சீட்டுகளின் பின்புற விளிம்பு வடிவத்தில் இருந்த மிக நுண்ணிய வேறுபாட்டைக் கவனித்து, சீட்டுகளைத் திருப்பி வைக்கச் சொல்லி, லண்டன் சூதாட்ட விடுதி ஒன்றில் ஏறத்தாழ 77 லட்சம் பவுண்டு வென்ற ஒருவர், அந்தப் பணத்தைத் தர விடுதி மறுத்ததால் வழக்குத் தொடுத்துத் தோற்றார். அது உரிமையியல் வழக்கு. ஆகவே குற்றவியல் சட்டத்தின் கோஷ் சோதனையைப் பற்றி நீதிபதிகள் சொன்னது, கண்டிப்பான பொருளில், தீர்ப்பின் போக்கில் சொன்ன கருத்துரையே தவிர, கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் அடிப்படைக் காரணம் அன்று. கீழ் நீதிமன்றங்கள் ஒரு கருத்துரையைப் பின்பற்றி, தங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு முன்தீர்ப்பைக் கைவிடலாமா? 2020இல் பார்ட்டன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, ஐவி வழக்கின் சோதனையே இனிச் சட்டம் என்று உறுதிசெய்தது. முன்தீர்ப்புக் கோட்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் பாடம் வேறில்லை. அந்தப் பாடம் வழிகாட்டியில் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது பல்கலைக்கழகத்தின் பிழையிலிருந்து கிடைத்தது. இதைச் சுட்டி எழுதிய மின்னஞ்சலுக்கு ஏழு வாரங்களுக்குப் பிறகு, வழிகாட்டி அடுத்த பதிப்பில் திருத்தப்படும் என்ற ஒரு வரிப் பதில் வந்தது. மாணவருக்குத் தனியே ஒரு திருத்தத் தாள் அனுப்பியிருந்தால் அதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று தெரியவில்லை.

சட்டம் மாறிக்கொண்டே இருக்கும் பொருள் என்பதால், அச்சிட்ட பாடப்பொருளை மட்டும் நம்பி நடத்தப்படும் எந்தச் சட்டப் படிப்பிலும் இந்த ஆபத்து இருக்கும். வரலாறோ இலக்கியமோ படிப்பவருக்கு ஐந்து ஆண்டு பழைய வழிகாட்டி பெரிய கேடு செய்துவிடாது. ஆகவே சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒவ்வொரு வழிகாட்டியும் கடைசியாக எந்த ஆண்டில் திருத்தப்பட்டது என்பதே. வெளியிட்ட ஆண்டைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். மறுஅச்சுக்கும் மறுபதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை விடாமல் கேட்டுப் பெற வேண்டும்.

ஒப்படைப்புகளைத் திருத்தும் தரம் ஆளுக்கு ஆள் மாறுபட்டது. முதல் ஆண்டில் எனக்கு வாய்த்த ஒருவர், மதிப்பெண்ணையும் 'நன்று' என்ற சொல்லையும் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. இரண்டாம் ஆண்டில், ஒருவர் மற்றவருக்கு விளைத்த தீங்குக்கான இழப்பீட்டைப் பற்றிய தீங்கியல் சட்டத்தில் என் ஒப்படைப்புகளைத் திருத்தியவர் நேர் மாறானவர். நான் சட்டத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் ஓரத்தில் 'ஆதாரம்?' என்று சிவப்பில் எழுதுவார். ஒரே ஒப்படைப்பில் பதினொரு இடங்களில் அந்தச் சொல் இருந்தது. முதலில் அது எனக்கு அவமதிப்பாகப் பட்டது. பிறகு, ஒவ்வொரு கூற்றின் பின்னாலும் ஒரு வழக்கோ ஒரு சட்டப் பிரிவோ நிற்க வேண்டும், நின்றால்தான் அது சட்டம், இல்லாவிட்டால் அது என் அபிப்பிராயம் என்பது உறைத்தது. மூன்று ஆண்டுகளில் ஆசிரியர் ஒருவரிடமிருந்து நான் கற்றதாகச் சொல்லக்கூடியது இந்த ஒரு சொல்தான். அவர் யார், எப்படி இருப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது.

இணையவழி வகுப்புகள் மாதம் இரண்டு முறை நடக்கின்றன. பெரும்பாலும் வழிகாட்டியில் உள்ளதையே ஒருவர் படக்காட்சியாக வாசித்துக்காட்டுவார். கேள்விகளுக்குக் கடைசிப் பத்து நிமிடம்.

இந்தப் படிப்பில் நான் உணர்ந்த பெரிய பள்ளத்தை இங்கேதான் சொல்ல வேண்டும். விளக்கிச் சொல்ல ஆள் இல்லாதது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை; புத்தகங்கள் நன்றாகவே விளக்குகின்றன. மறுத்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை. சட்டம் இரு தரப்பு மோதலிலிருந்து பிறக்கும் அறிவு. ஒவ்வொரு தீர்ப்பும் எவரோ இருவர் ஒருவரையொருவர் மறுத்துப் பேசியதன் எச்சம். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் 1870இல் கிறிஸ்டோபர் லாங்டெல் விரிவுரைகளுக்குப் பதிலாக வழக்குகளை முன்வைத்து மாணவரைக் குறுக்குக் கேள்வி கேட்கும் முறையைத் தொடங்கியதும் இதை உணர்ந்துதான். தனியறையில் படிப்பவர் தாம் எழுதிய பதிலைத் தாமே படித்து, தாமே தலையாட்டிக்கொள்கிறார். கார்லில் வழக்கில் எனக்கு இரண்டு காரணங்களுக்கு மேல் தோன்றாமல் போனது அதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. 1884ஆம் ஆண்டின் டட்லி, ஸ்டீபன்ஸ் வழக்கு: மிக்னோனெட் என்ற பாய்மரப் படகு மூழ்கியபின், உணவும் நீரும் இல்லாமல் சிறு படகில் மிதந்த மாலுமிகள், நோயுற்றுக் கிடந்த ரிச்சர்ட் பார்க்கர் என்ற 17 வயதுப் பையனைக் கொன்று தின்று உயிர் பிழைத்தார்கள். உயிர் பிழைக்க வேண்டிய அவசியம் கொலைக்கு எதிர்வாதம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. விதிக்கப்பட்ட மரண தண்டனை பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. தீர்ப்பு முற்றிலும் சரி என்று நான்கு பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். உடன் படிக்கும் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, ஆறு மாதம்தான் சரியான தண்டனை என்று அரசே கருதியது என்றால், கொலைக் குற்றம் என்ற முடிவு எந்த வகையில் சரி என்று அவர் கேட்டார். தண்டனைக் குறைப்பு அரசியின் கருணை, குற்றத் தீர்மானம் நீதிமன்றத்தின் வேலை என்று ஏதோ சமாளித்தேன். அப்படியானால் சட்டம் தனக்குத் தெரிந்தே தவறான விடையைச் சொல்லிவிட்டு, திருத்துவதற்கு வேறொருவரை நம்பியிருக்கலாமா என்றார். என் நான்கு பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை. இருபது நிமிடத் தொலைபேசிப் பேச்சில் நான் கற்றது, அந்தப் பாடத்தின் மொத்தப் பொதியிலிருந்து கற்றதற்குக் குறைந்ததன்று.

அதன்பின் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் அமைத்தோம். வாரம் ஒரு முறை, காணொளியில், ஒரு வழக்கு. சீட்டுக் குலுக்கித் தரப்பைத் தீர்மானிப்போம். ஒருவர் வாதி, ஒருவர் பிரதிவாதி, மூன்றாமவர் நீதிபதி. நீதிபதியாக இருப்பவர் இடைமறித்துக் கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்பது விதி. நேர்முகக் கல்லூரிகளில் மாதிரி நீதிமன்றம் என்று பாடத்திட்டத்திலேயே வைத்திருப்பதை நாங்கள் ஓட்டைப் படகில் செய்துகொண்டோம். முதல் சில வாரங்கள் வெட்கக்கேடாக இருந்தன. எழுத்தில் ஒழுங்காக வரும் வாதம் வாயைத் திறந்தவுடன் சிதறிப்போகும்; 'மாண்புமிகு நீதிபதி அவர்களே' என்ற பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் தாளைப் புரட்டிக்கொண்டிருப்போம். பல்கலைக்கழகம் இதற்கு ஏற்பாடு செய்யவில்லை என்பதைக் குறையாகவே பதிவு செய்கிறேன். மாணவர்களை மூவர் மூவராகச் சேர்த்துவிட்டு, மாதம் ஒரு வழக்கைக் கொடுத்தாலே போதுமானது.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கற்பனையான ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்து, அதில் யார் யாருக்கு எந்தப் பொறுப்பு என்று ஆராயச் சொல்லும் சிக்கல் வினாக்களே பெரும்பகுதி. பிரச்சினையை இனங்காண்பது, அதற்குரிய விதியைச் சொல்வது, விதியை நிகழ்ச்சிக்குப் பொருத்துவது, முடிவுக்கு வருவது என்ற நான்கு படிகளை எல்லா நூல்களும் கற்பிக்கின்றன. மூன்றாவது படியில்தான் மதிப்பெண்கள் கிடக்கின்றன. தனியே படிப்பவர் இரண்டாவது படியிலேயே பக்கங்களை நிரப்பிவிடுகிறார். மனப்பாடம் கைகொடுக்கும் என்று நம்பிச் சேர்பவர் இங்கே ஏமாந்துபோவார். எனது இரண்டாம் ஆண்டுத் தேர்வொன்று கேமரா கண்காணிப்புடன் வீட்டிலிருந்தபடியே நடந்தபோது, மென்பொருள் இரண்டு முறை நின்றுபோய், இழந்த நேரத்தைக் கூட்டித்தர மறுத்துவிட்டார்கள். மனு கொடுத்தேன், சட்டம் படித்த பயன் அந்த மனுவை எழுதுவதில் தெரிந்தது, முடிவில் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் வேண்டும் என்ற கேள்விக்குச் சேர்க்கைக் கையேடுகள் வழவழப்பாகப் பதில் சொல்லும். ஒரு நேர்மையான அளவுகோல் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அஞ்சல்வழியில் சட்டம் படிப்பவர் ஆண்டுக்கு 864 மணி நேரம் வீதம் நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. வாரத்திற்கு ஏறக்குறைய 17 மணி நேரம், ஒரு வாரமும் விடாமல். வேலைக்குப் போகிறவருக்கு அது தினமும் இரண்டு மணி நேரமும் ஞாயிறு முழுவதையும் குறிக்கும். என் அனுபவம் இதற்கு மிக அருகில்தான் இருந்தது. முதல் ஆண்டில் பத்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, ஒரு பாடத்தில் தோற்றேன்.

பட்டம் கைக்கு வந்தபின் அது எதற்கு உதவும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இதில் ஏமாறுகிறவர்கள் மிகப் பலர். இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள, 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த சட்டப் பட்டம் வேண்டும். 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் அந்தப் படிப்பை வகுப்பறைக்கு நேரில் வந்து படிப்பதாகவே வகுத்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவும் தொலைநிலையில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் சட்டத்தைச் சேர்த்திருக்கிறது. தொலைநிலையில் கிடைக்கும் சட்டப் பட்டயங்களும் சான்றிதழ்களும் அறிவுக்கு உதவும், கறுப்பு அங்கிக்கு உதவா. தொலைநிலையில் பெற்ற வேறொரு இளநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு நேர்முகச் சட்டக் கல்லூரியில் சேர்வது மட்டும் விதிகள் அனுமதிக்கும் வழி. இங்கிலாந்தில் நிலைமை வேறு. 2021இல் சொலிசிட்டர்களுக்கான (பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியே சட்டப் பணி செய்யும் வழக்கறிஞர்களுக்கான) புதிய தகுதித் தேர்வு நடைமுறைக்கு வந்தபின், பட்டம் எந்த முறையில் பெற்றது என்பதைவிட அந்தத் தேர்வில் தேறுவதும் இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் முக்கியமாகிவிட்டன. கலிஃபோர்னியாவில் அஞ்சல்வழி மாணவர் முதல் ஆண்டு முடிவிலேயே மாநிலம் நடத்தும் ஒரு தனித் தேர்வை எழுதித் தேற வேண்டும்.

இவ்வளவு வேறுபாடுகள் இருக்கையில், 'உலகெங்கும் அங்கீகரிக்கப்பட்ட பட்டம்' என்று சேர்க்கைக் கையேடு சொல்வதற்குச் சட்டத்தின் கண்ணில் பொருளே கிடையாது. பட்டத்தை அங்கீகரிப்பது வேறு, அதை வைத்துத் தொழில் செய்ய அனுமதிப்பது வேறு. என்னோடு சேர்ந்தவர்களுள் இருவர் இந்த வேறுபாட்டை இரண்டாம் ஆண்டின் நடுவில் அறிந்து விலகிவிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்கு அலுவலகம் தந்த பதில், உங்கள் நாட்டு விதிகளை அறிந்துகொள்வது உங்கள் பொறுப்பு என்பதே. சட்டப்படி அந்தப் பதில் சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் கையேட்டின் அட்டையில் வழக்கறிஞர் அங்கி அணிந்தவரின் படத்தைப் போட்டுவிட்டு இப்படிச் சொல்வது அழகல்ல.

கட்டணத்தைப் பொறுத்தவரை ஒன்று மட்டும். பாடக் கட்டணம், தேர்வுக் கட்டணம், தோற்ற பாடத்தை மீண்டும் எழுதும் கட்டணம், பட்டியலில் இல்லாத பாடநூல்கள் என்று நான்காகப் பிரித்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் வருவது முதலாவது மட்டுமே.

நிறுவன நிர்வாகியாகவோ, காப்பீட்டிலோ, மனிதவளத்திலோ, என்னைப் போலக் கணக்கிலோ வேலை செய்துகொண்டு, ஒப்பந்தங்களையும் சட்டப் பிரிவுகளையும் தாமே படித்து விளங்கிக்கொள்ள விரும்புகிறவருக்கு இந்தப் படிப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். முன்பு வழக்கறிஞர் எழுதி அனுப்பும் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட மட்டுமே திறந்த நான், இப்போது பொறுப்பு வரம்புப் பிரிவை முதலில் தேடிப் படிக்கிறேன். போன ஆண்டு அப்படிப் படித்ததால் ஒரு பெரிய இழப்பைத் தவிர்க்கவும் முடிந்தது. நீதிமன்றத்தில் நின்று வாதிட வேண்டும் என்ற ஆசை உள்ளவர், வயது எதுவானாலும், முடிந்தவரை நேர்முகக் கல்லூரிக்கே போக வேண்டும். முடியாது என்றால் சேர்ந்த முதல் வாரத்திலேயே தம்மை மறுத்துப் பேசும் இருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். தனியே, அமைதியாக, எவரோடும் பேசாமல் படித்து முடிக்கலாம் என்பதற்காகவே தொலைநிலையைத் தேர்ந்தெடுக்கிறவருக்குச் சட்டம் ஏற்ற பாடம் அன்று என்பது என் துணிபு.

எங்கள் வட்டத்தில் இந்த மாதம் நான்காவதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். இப்போதுதான் முதல் ஆண்டில் சேர்ந்தவர் என்பதால், அவருக்காக மறுபடியும் நத்தை வழக்கிலிருந்து தொடங்குகிறோம். சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு அட்கின் பிரபுவின் பக்கம் விழுந்திருக்கிறது. எனக்கு பக்மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்ப்பை இன்னொரு முறை படித்தாக வேண்டும்.